குன்றும் தெருவும்: குவெட்லின்பேர்க் நகரின் மரச்சட்டக வீடுகள் - ஒரு வரலாற்று நோக்கு

ஜேர்மனியின் நடுப்பகுதியிலே, ஹார்ட்ஸ் மலைத்தொடரின் வடபுறச் சரிவு சமவெளியோடு கலக்கும் இடத்தில், போடே ஆற்றின் கரையில் குவெட்லின்பேர்க் என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. ஐரோப்பிய வரலாற்று நூல்களில் இந்நகரின் பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் அதன் குன்றின் பொருட்டேயாகும். மணற்பாறையாலான அக்குன்றின் உச்சியிலுள்ள தேவாலயத்தில், 936ஆம் ஆண்டு இறந்த அரசன் முதலாம் ஹென்றி அடக்கஞ்செய்யப்பட்டான். அதே ஆண்டில் அவனுடைய மனைவி மட்டில்டா, மகன் முதலாம் ஒட்டோவின் ஆதரவுடன் அங்கு உயர்குலப் பெண்களுக்கான மடமொன்றை நிறுவினாள். அரசர் வந்து தங்கியதும், திருநாள்கள் கொண்டாடியதும், சாசனங்கள் வழங்கியதும் குன்றின் மேல்தான். வரலாற்றாசிரியர்களும் நெடுங்காலம் குன்றையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.

குன்றின் அடியிலோ வேறொரு வரலாறு நின்றுகொண்டிருக்கிறது. வளைந்து செல்லும் ஒடுங்கிய தெருக்களின் இருமருங்கிலும் ஏறத்தாழ 1,300 மரச்சட்டக வீடுகள் ஒன்றையொன்று தோளால் தாங்கியவாறு நிற்கின்றன. இவற்றைக் கட்டியோர் தச்சர். வாழ்ந்தோர் நெசவாளர், தோல் பதனிடுவோர், மது வடிப்போர், சிறு வணிகர், நிலமுடைய நகரவாசிகள். இத்தனை வீடுகள் ஓரிடத்தில் எஞ்சியிருப்பதற்குக் காரணம் யாது? மரபின்மீது ஜேர்மானியர் கொண்ட பற்று எனச் சுற்றுலா நூல்கள் விடை பகரும். சான்றுகளை நிதானமாக நோக்குமிடத்து அவ்விடை அத்துணை உறுதியானதாகத் தோன்றவில்லை.

முதலில் இவ்வீடுகளின் இயல்பை அறிதல் வேண்டும். ஜேர்மன் மொழியிற் சுவரைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. 'மவுவர்' என்பது கற்சுவர். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். உரோமரிடமிருந்து கல்லாற் கட்டும் முறையைக் கற்றபோது சொல்லும் உடன் வந்தது. மற்றைய சொல்லான 'வாண்ட்', முறுக்குதல், பின்னுதல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. அஃதாவது, அம்மக்களின் பழைய சுவர் பின்னப்பட்டதொன்று. குன்றின் மேலுள்ள தேவாலயம் முதல்வகைச் சொல்லுக்குரியது. கீழுள்ள தெருக்கள் இரண்டாவதற்குரியவை. அதிகாரத்திற்கும் உழைப்பிற்கும் இடையிலிருந்த இடைவெளியை இவ்விரு சொற்களுமே காட்டிவிடுகின்றன எனலாம்.

'ஃபாக்வெர்க்' என ஜேர்மன் மொழியில் வழங்கும் இக்கட்டடமுறையில் வீட்டின் பாரத்தைச் சுவர் தாங்குவதில்லை, மரச்சட்டகமே தாங்குகின்றது. கல் அடித்தளத்தின்மேற் கிடையாக ஓர் அடிமரம் இடப்படும். அதன்மேல் நிலைத்தூண்கள் நிறுத்தப்பட்டு, அவற்றின் தலையை மேல்மரம் ஒன்று இணைக்கும். சட்டகம் காற்றில் ஒருபுறமாகச் சாய்ந்துவிடாதிருக்க மூலைகளிற் சாய்கட்டைகள் பொருத்தப்படும். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையினுட் செலுத்தி மரஆணி அறைவதே மூட்டும் முறை. சட்டகத்தின் உறுதி இரும்பாணியை நம்பியிருக்கவில்லை. மரங்களுக்கிடையே எஞ்சும் கட்டங்களில் வரிச்சுகள் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை இருபுறமும் அப்பிச் சுண்ணாம்பு பூசுவர். பிற்காலத்திற் செங்கல்லும் இக்கட்டங்களை நிரப்பப் பயன்பட்டது. கட்டம் பழுதுற்றால் மண்ணைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அப்பலாம். தூணின் அடி உக்கினால் அப்பகுதியை மட்டும் வெட்டிப் புதுமரம் ஒட்டலாம். வீடு நெடுநாள் நிற்பதற்கு அதன் திண்மையிலும் பார்க்க இந்தப் பழுதுபார்க்கும் வசதியே காரணமாகும். இவ்வுண்மை பின்னர் பெரும் விவாதமொன்றுக்கு வித்திட்டது.

தச்சர் சட்டகம் முழுவதையும் முதலில் தமது களத்தில் நிலத்திற் கிடத்தி ஒத்துப்பார்ப்பர். பின் ஒவ்வொரு மூட்டிலும் உரோம இலக்கம் போன்ற கீறல்களை வெட்டி, மரங்களைப் பிரித்தெடுத்து வந்து, உரிய இடத்தில் மீண்டும் கோப்பர். அக்கீறல்கள் இன்றும் பல வீடுகளின் மரங்களில் தெளிவாகத் தெரிகின்றன. அரசரது சாசனங்களை மடத்து எழுத்தர் எழுதினர். தெருவின் சாசனத்தை உளியால் எழுதியவர் தச்சரே.

நகரின் பழைய வீடுகளுள் மிக அறியப்பட்டது வோர்ட்காசே என்னும் ஒடுங்கிய தெருவின் 3ஆம் இலக்க வீடு. இதன் தூண்கள் அடியிலிருந்து கூரைவரை ஒரே மரமாக உயர்ந்து செல்கின்றன. மாடியைத் தாங்கும் உத்தரங்கள் இத்தூண்களின் இடையில் துளையிட்டுச் செருகப்பட்டுள்ளன. இது பழைய முறை. உயரமான நேர்மரங்கள் தாராளமாகக் கிடைத்த காலத்துக்கே அது பொருந்தும். தூணின் நடுவிற் பெருந்துளை இடுவதால் அவ்விடத்தில் மரம் பலமிழக்கும் என்ற குறையும் உண்டு. மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, இவ்வீட்டின் மரங்கள் 1346 - 1347 காலப்பகுதியில் வெட்டப்பட்டவை எனக் காட்டியது. மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகன்றும் வறண்ட ஆண்டில் ஒடுங்கியும் அமைவதால், ஒரு பிரதேசத்தின் மரங்களிற் பொதுவானதொரு வளைய ஒழுங்கு காணப்படும். அறிந்த ஒழுங்குடன் உத்தரத்தின் வளையங்களை ஒப்பிட்டு, பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் கிடைக்குமாயின், மரம் வெட்டப்பட்ட பருவத்தையே கூறிவிடலாம். தச்சர் பச்சை மரத்திலேயே வேலைசெய்தமையால் வீடு எழுந்த காலமும் அதற்கு அண்மையதேயாகும்.

இவ்வீடு நெடுங்காலம் ஜேர்மனியின் மிகப் பழைய மரச்சட்டக வீடு எனப் பெருமையாகப் பேசப்பட்டது. அதே ஆய்வுமுறை பிற நகரங்களுக்குச் சென்றபோது அப்பட்டம் பறிபோயிற்று. தென்மேற்கிலுள்ள எஸ்லிங்கன் நகரில் 13ஆம் நூற்றாண்டுக்குரிய வீடுகள் இனங்காணப்பட்டன. நகரப் பெருமைக்கு இது இழப்பாயினும் வரலாற்றுக்கு இழப்பன்று. வோர்ட்காசே வீட்டின் சிறப்பு அது முதலாவது என்பதிலன்றி, சாதாரண மக்கள் 1965ஆம் ஆண்டுவரை அதிற் குடியிருந்தனர் என்பதிலேயே உள்ளது. 1976இல் அது மரச்சட்டகக் கட்டடக்கலைக்கான அரும்பொருட்சாலையாக மாறியது.

பிற்காலத்து வீடுகளில் மாடிக்கு மாடி தனிச் சட்டகம் அமைக்கும் முறை மேலோங்கியது. குறுகிய மரங்களே இதற்குப் போதுமானவை. காடுகள் அருகி வந்த காலத்தில் இது சிக்கனமான தீர்வாயிற்று. மேல்மாடி கீழ்மாடியிலும் பார்க்கச் சற்று முன்தள்ளி நிற்பது இவ்வீடுகளின் கண்கவர் அம்சம். நிலத்தின் அளவுக்கே வரி விதிக்கப்பட்டமையால் மேலே இடம் பிடித்தனர் என வழிகாட்டிகள் சுவைபடக் கூறுவதுண்டு. கதை நன்றாயிருப்பினும், ஒடுங்கிய காணியில் இடம் பெருக்குதல், கீழ்ச்சுவரை மழையிலிருந்து காத்தல், தனித்தனிச் சட்டகங்களை ஒன்றன்மேலொன்றாக ஏற்றும் வசதி என்பனவே நம்பத்தக்க காரணங்களாம். முன்தள்ளிய உத்தர முனைகள் தெருவிற் செல்வோரின் பார்வைக்கு நேரே வருவதால் தச்சனின் கைவண்ணமும் அங்கேயே குவிந்தது. 16ஆம் நூற்றாண்டில் விசிறிபோல் விரிந்த அரைவட்டப் பூக்கள் செதுக்கப்பட்டன. 17ஆம் நூற்றாண்டிலிருந்து உத்தர முனைகளைப் பிரமிட் வடிவிற் கூராக வெட்டும் வழக்கம் இந்நகருக்கே உரிய அடையாளமாயிற்று. வீட்டுடையோரின் பெயரும் ஆண்டும் வேதவாசகமும் குறுக்குமரங்களிற் பொறிக்கப்பட்டன. சிலவற்றிலே தச்சனின் பெயரும் இடம்பெற்றது. கைவினைஞன் தன் பெயரைத் தெருவுக்கு அறிவிக்கத் துணிந்தமை சிறு செய்தியன்று.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். குவெட்லின்பேர்க்கை 'மத்தியகால நகரம்' எனக் கூறுதல் வழக்கமாயினும், எஞ்சியுள்ள வீடுகளுட் பெரும்பான்மையானவை 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. 1530க்கு முற்பட்டவை மிகச் சிலவே. மத்தியகாலத்துக்குரியது தெருக்களின் அமைப்பு. தெருவோரத்து வீடுகள் முப்பதாண்டுப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னரும் எழுந்தவை. போரால் நலிந்ததாகக் கருதப்படும் நூற்றாண்டிலேயே இத்துணை வீடுகள் எழுந்தமை, ஜேர்மனி முழுவதையும் ஒரே அளவுகோலால் அளத்தல் கூடாது என்பதை உணர்த்துகின்றது.

மரத்திலேயே தொடர்ந்து கட்டியது ஏன் என்பதற்கு நகரின் அரசியல் வரலாறு ஓரளவு விடை தருகின்றது. 994இல் பேரரசன் மூன்றாம் ஒட்டோ சந்தை, நாணயம், சுங்கம் ஆகிய உரிமைகளை மடத்தலைவிக்கு வழங்கினான். நகரம் அவளது நிழலில் வளர்ந்தது. பழைய நகரும் புதிய நகரும் 1330இல் ஒன்றிணைந்தன. 1426இல் ஹன்சா வணிகக் கூட்டமைப்பிற் சேர்ந்த நகரத்தார், மடத்தின் பிடியிலிருந்து விடுபட முயன்றனர். 1477இல் மடத்தலைவி ஹெட்விக்கின் சகோதரரான சக்சனி இளவரசர்களின் படை நகரைப் பணியவைத்தது. ஹன்சாவிலிருந்து நகரம் விலக நேர்ந்தது. சந்தைச் சதுக்கத்தில் நகரச் சுதந்திரத்தின் சின்னமாக நின்ற ரோலண்ட் சிலை வீழ்த்தப்பட்டது. அது மீண்டும் நிமிர்ந்தது 1869இலேயே. குன்று தெருவை வென்ற கதை இது. அதன்பின் இந்நகரம் அரசியற் பேராசையின்றிக் கைத்தொழிலையும் வேளாண்மையையும் நம்பி வாழ்ந்தது. நல்ல மரவீடு கட்டுமளவுக்கு அதற்கு வசதியிருந்தது. அவற்றை இடித்து மாளிகை எழுப்புமளவுக்கு இருக்கவில்லை. 1803இல் மடம் கலைக்கப்பட்டு நகரம் பிரசியாவின் வசமாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் விதை உற்பத்தித் தொழில் பெருகிச் சிலர் செல்வராயினர். அவர்களும் பழைய நகரை இடித்து அங்கு வாழ விரும்பாது, அதன் புறத்தே தோட்டஞ் சூழ்ந்த மாளிகைகளைக் கட்டிக்கொண்டனர். பணம் பழைய தெருவைச் சுற்றிச் சென்றுவிட்டமையால் தெரு தப்பிற்று.

இவ்வீடுகளை அக்காலத்தவர் போற்றினர் என்றும் சொல்ல முடியாது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிலே ஜேர்மன் நகரங்கள் பலவற்றில் மரச்சட்டகத்தை மறைத்துச் சாந்து பூசுதல் நாகரிகமாயிருந்தது. தீயச்சம் ஒரு காரணம்; வீடு கல்வீடுபோலத் தோன்ற வேண்டுமென்ற ஆசை மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேசிய உணர்வு எழுந்தபோது இதே மரங்கள் 'தூய ஜேர்மானியக் கலை'யாகப் புதுவாழ்வு பெற்றன. மறைத்த சாந்து உரிக்கப்பட்டது. ஆனால் இம்முறை பிரான்சின் நோமண்டியிலும், இங்கிலாந்திலும், டென்மார்க்கிலும் பரவலாகக் காணப்படுவதொன்று. மரமும் களிமண்ணும் கிடைத்த இடமெங்கும் தச்சர் ஏறத்தாழ ஒரே தீர்வையே கண்டனர். மரத்துக்குத் தேசிய இனம் கிடையாது.

அந்த உணர்வு எங்கு கொண்டுசென்று விட்டது என்பதற்கும் இந்நகரே சான்று. 1936இல், முதலாம் ஹென்றி இறந்து ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதைச் சாட்டாக வைத்து, நாசிக் காவற்படைத் தலைவன் ஹிம்லர் குன்றின் மேலுள்ள தேவாலயத்திற் பெருவிழா எடுத்தான். அடுத்த ஆண்டு, அரசனின் எலும்புகள் எனக் கூறி எவற்றையோ அங்கு புதைத்தனர். தேவாலயத்திலிருந்து வழிபாடு வெளியேற்றப்பட்டு, அது அப்படையின் புனிதத் தலமாக்கப்பட்டது. 1945இல் அந்த ஆட்சி வீழ்ந்த பின்னரே வழிபாடு மீண்டது. எலும்பைத் தேடியவர்கள் குன்றைத் தோண்டினர். குன்றின் அடியில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த உண்மையான பழைமை அவர்களுக்குத் தெருவலங்காரமாக மட்டுமே பயன்பட்டது.

ஹல்பர்ஸ்டாட் என்னும் அயல்நகரம் குவெட்லின்பேர்க்கிலிருந்து 14 கிலோமீற்றர் அளவு தூரத்திலேயே உள்ளது. மரச்சட்டக வீடுகளின் செழிப்பில் அது இதனிலும் புகழ்பெற்றிருந்தது. 1945 ஏப்ரல் 8ஆம் நாள், போர் முடிய ஒரு மாதமே இருந்த வேளையில், அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் அதன் பழைய நகரின் ஐந்தில் நான்கு பங்கு எரிந்தழிந்தது. ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். உலர்ந்த மரமும் வைக்கோல் கலந்த மண்ணும் ஒடுங்கிய தெருக்களும் தீக்கு இரையாக அதிக நேரம் தேவைப்படவில்லை. சில நாள்களின் பின் அமெரிக்கப் படை குவெட்லின்பேர்க்கை அடைந்தபோது இந்நகரம் பெருஞ்சேதமின்றி அதன் கைக்கு மாறியது. இரு நகரங்களிலும் ஒரே வகைத் தச்சர், ஒரே மலையின் மரம், ஒரே மரபு. ஒன்று எஞ்சியதற்கும் மற்றது அழிந்ததற்கும் மரபுப் பற்றிலே காரணம் தேடுதல் வீணாகும்.

போருக்குப் பின் இப்பகுதி ஜேர்மன் ஜனநாயகக் குடியரசின் ஆட்சிக்குட்பட்டது. அடுத்த நாற்பதாண்டு வரலாற்றை எளிய கண்டனத்தோடு முடித்துவிடுவோர் பலர். திட்டமிடுவோர் 1960களிற் பழைய நகரின் பெரும்பகுதியை அகற்றிப் புதிய சோசலிச நகர மையமொன்றை அமைக்க எண்ணியது உண்மையே. ஆயின், அவ்வீடுகளில் வாழ்ந்தோரின் நிலையையும் நோக்க வேண்டும். தாழ்ந்த கூரை, ஈரம் ஊறிய சுவர், முற்றத்தின் கோடியில் மலகூடம், ஒவ்வோர் அறைக்கும் சுமந்து செல்லவேண்டிய நிலக்கரி: இவற்றினின்றும் விடுபட்டு, வெந்நீர்க் குழாயும் குளியலறையும் கொண்ட கொங்கிறீற் தொடர்மாடிக்குச் செல்லக் காத்திருந்த குடும்பத்தை மரபின் பகைவர் எனக் கூற யாருக்கு உரிமையுண்டு? வெளியிலிருந்து பார்ப்பவனுக்கே உத்தர முனையின் செதுக்கல் அழகாகத் தோன்றும். உள்ளே இருப்பவன் அதன்வழி ஒழுகும் நீரைத்தான் முதலிற் காண்பான்.

முழு நகரையும் இடிக்கும் திட்டம் நிறைவேறாமைக்கு முதற் காரணம் பணமின்மையே. அதே பணமின்மை பழுதுபார்ப்பதையும் தடுத்தது. ஓடு ஒன்று நழுவினால் நீர் இறங்கும், நீர் இறங்கிய இடத்தில் உத்தரத்தின் முனை உக்கும், அதன்பின் அடிமரம். சில ஆண்டுக் கவனயீனம் சில நூற்றாண்டு உழைப்பைத் தின்றுவிடும். இவ்வாறு சிதைந்த வீடுகள் தெருத்தெருவாக இடிக்கப்பட்டன. சில இடங்களிற் பழைய கூரைச் சாய்வைப் பின்பற்ற முயன்ற கொங்கிறீற் வீடுகள் எழுந்தன. மறுபுறத்தே, பாதுகாப்பு அலுவலர் சிலரும் உள்ளூர் ஆர்வலரும் போலந்திலிருந்து வந்த மறுசீரமைப்பு வல்லுநரும் முக்கியமான வீடுகளை ஒவ்வொன்றாகக் காப்பாற்றினர். நாசி ஆட்சியால் தம் நகரங்கள் தரைமட்டமான நாட்டினர், ஜேர்மானியரின் பழைய வீடுகளைத் திருத்த வந்தமை சிந்திக்கத்தக்கது. 1989 இலையுதிர்காலத்தில் ஆட்சி ஆட்டங்கண்டபோது இடிப்பும் நின்றது. வறுமை காத்த நகரை வறுமையே விழுங்கிக்கொண்டிருந்த தறுவாயில் அரசியல் மாற்றம் குறுக்கிட்டது என்பதே பொருந்தும்.

1990இல் ஜேர்மனி ஒன்றிணைந்த பின் பொதுப்பணம் பெருமளவில் வந்து சேர்ந்தது. 1994இல் குன்றின் தேவாலயமும் கோட்டையும் பழைய நகரும் சேர்த்தே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயிரம் ஆண்டுகளின் பின் தெருவுக்கும் குன்றுக்கும் ஒரே ஏட்டில் ஒரே வரியில் இடம் கிடைத்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டு இளைஞர் மேற்கே சென்றதும் அக்காலத்திலேயே. எனவே, திருத்திய வீடுகளிற் குடியேற ஆளில்லை என்னும் புதிய இடர் தோன்றியது.

மேற்கு ஜேர்மனி வேறு வழியிற் சென்றது. ஹில்டெஸ்ஹைம் நகரில் 1529இல் இறைச்சி வணிகர் சங்கம் கட்டிய பெரிய மரச்சட்டகக் கட்டடம் 1945 மார்ச்சிற் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. 1960களில் அவ்விடத்தில் நவீன விடுதியொன்று எழுந்தது. பின்னர் அதனை இடித்து, 1987க்கும் 1989க்கும் இடையில், பழைய கட்டடத்தையே பழைய தச்சுமுறையில் மீண்டும் எழுப்பினர். பிராங்போர்ட்டிலும் அவ்வாறே: 2018இல் நிறைவுற்ற 'புதிய பழைய நகரில்' 35 கட்டடங்களுள் 15, அழிந்தவற்றின் மறுபடிகள். இது வரலாறா, வேடமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. மரச்சட்டக வீட்டில் எந்த மரத்தையும் மாற்றலாம் என்பதால், முற்றும் புதிதான வீடும் அதே வீடுதான் என மறுபடியை ஆதரிப்போர் வாதிப்பர். இவ்வாதம் ஒன்றை மறக்கின்றது. குவெட்லின்பேர்க்கில் ஒரு மரம் மாற்றப்படும்போது அயலிலுள்ள பழைய மரம் அதற்கு அளவு சொல்கின்றது. அதன் கீறலும் வளைவும் புதிய மரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. எல்லாம் ஒரே நாளில் புதிதாகும்போது வரைபடத்தைத் தவிர வேறெதுவும் அளவு சொல்வதில்லை. ஹில்டெஸ்ஹைமில் மீண்டது வடிவமும் தச்சுக்கலையும். 1529க்கும் 1945க்கும் இடையில் அங்கு சேர்ந்த வாழ்வு மீளவில்லை.

பழுதுபார்ப்பும் எப்பொழுதும் நன்மை செய்ததில்லை. 20ஆம் நூற்றாண்டிற் பல வீடுகளுக்குச் சீமெந்துச் சாந்தும் நீர்புகாத வண்ணப்பூச்சும் இடப்பட்டன. களிமண் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும். மரமும் அவ்வாறே ஈரத்திற்கேற்ப விரிந்து சுருங்கும். சீமெந்து அசையாது, மரத்துக்கும் அதற்கும் இடையில் ஏற்படும் வெடிப்பினூடே நீர் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கும். வெளித்தோற்றத்திற் பளபளத்த வீட்டின் உள்மரம் பொடியாயிருந்தமையைப் பலர் காலந்தாழ்த்தியே கண்டனர். களிமண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால், அவற்றைக் கையாளத் தெரிந்த கைகள் அருகிவிட்டன.

2002இல் குவெட்லின்பேர்க்கில் ஜேர்மன் மரச்சட்டகக் கட்டடக்கலை நிலையம் நிறுவப்பட்டது இந்தப் பின்னணியிலேயே. கட்டடங்களைத் திருத்துவதோடு, இளைஞர்களுக்குப் பழைய தொழிலைப் பயிற்றுவதும் அதன் பணி. தூணின் உக்கிய அடியை வெட்டி ஓக் மரம் பொருத்தவும், வரிச்சு பின்னவும், இடிந்த கட்டத்திலிருந்து விழுந்த பழைய களிமண்ணையே நீரில் ஊறவைத்துக் குழைத்து மீண்டும் அப்பவும் அங்கு கற்கின்றனர். களிமண் சுடப்படாதது; ஆகையால் எத்தனை முறை வேண்டுமானாலும் அதைக் கரைத்துப் பயன்படுத்தலாம்.